மூன்று கவளமும் ஒரு பொட்டலமும்

சூரிச்சில் முதல் நாள் மதியம். ஒரே மேசையில் பதினோரு பேர். எல்லோர் முன்னாலும் ஆவி பறக்கும் ரொஸ்டி, அதாவது உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி வார்த்தது. விமானத்தில் சரியாகச் சாப்பிடாத பசி. தட்டு வந்ததும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், வேறு யாருமே கரண்டியைத் தொடவில்லை.

தலைமைப் பேராசிரியை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என் குவட்ட" என்றார். உடனே மற்ற ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அதையே சொன்னார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தமாம். இது சொல்லப்படும்வரை இந்த நாட்டில் யாரும் சாப்பிடத் தொடங்குவதில்லை. நான் வாயிலிருந்த உருளைக்கிழங்கை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் "என் குவட்ட" என்றேன். அது எந்த மொழியிலும் இல்லாத ஒலியாக வெளியே வந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அன்று பிற்பகல் நான் பேசவிருந்ததே சாப்பாட்டு மரியாதை பற்றித்தான். திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் மொழியியல் படித்து, உதவித்தொகையில் ஒன்றரை வருடம் ஜாவாவின் யோக்யகர்த்தாவில் இருந்தவள் நான். அங்கே போன முதல் வாரமே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஜாவானிய மொழியில் சாப்பாடு, பசி, ருசி, மனசு பற்றி என்ன சொல் காதில் விழுந்தாலும் ஓர் அட்டையில் எழுதிவைப்பேன். முந்நூறு அட்டை சேர்ந்துவிட்டது. சூரிச் கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட்டதும் அந்த அட்டைகளுக்காகத்தான்.

பேச்சு நன்றாகவே போயிற்று. நாம் 'சாப்பிடு', 'சாப்பிடுங்கள்' என்று சொல்லின் வாலை மட்டும் மாற்றுகிறோம். ஜாவாக்காரர்கள் தலையையே மாற்றிவிடுவார்கள். நண்பன் சாப்பிட்டால் 'மங்ஙான்'. நான் பணிவாக என்னைப் பற்றிச் சொன்னால் 'நெடொ'. மதிப்புக்குரிய ஒருவர் சாப்பிட்டால் 'டஹார்'. தட்டில் இருப்பது ஒரே சோறுதான். காய்ச்சல் விட்டபின் வருமே ஒரு பேய்ப்பசி, அதற்குத் தனியாக 'கெமாருக்'. பார்த்ததும் வாயில் எச்சில் ஊறினால் 'கெமெச்செர்'. அடுத்தவர் தட்டில் வாய்வைக்கும் பூனைக்கும், அதே குணமுள்ள மனிதர்களுக்கும் சேர்த்து 'ச்லுட்டாக்'. இந்தக் கடைசிச் சொல்லுக்கு அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் தன் மனைவியைப் பார்த்து ஏதோ சொல்லி முழங்கையால் இடி வாங்கினார்.

'ரொஸொ' என்ற சொல்லுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். நம் 'ரசம்' கடல் தாண்டிப் போய் அப்படி ஆயிருக்கிறது. நமக்கு ரசம் தட்டுக்கும் ரசனை மனசுக்கும் எனப் பிரிந்துபோனது. அவர்களுக்கு நாக்கில் படுவதும் ரொஸொ, நெஞ்சில் படுவதும் ரொஸொ. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தேவை வரவில்லை போலிருக்கிறது.

கைதட்டல் கேட்டபோது, ஜாவாவின் சாப்பாட்டை முழுசாகப் புரிந்துகொண்டவள் நான்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு வந்தது உண்மை. அது ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை நீடித்தது.

பேச்சு முடிந்த அன்று மாலை அரங்குக்கு வெளியே அபிராமி காத்திருந்தாள். அபி சூரிச்சுக்குப் பக்கத்தில் ஊஸ்டரில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணம். யோக்யகர்த்தாவுக்கு ஆறு மாதம் படிக்க வந்தபோது எனக்கு அடுத்த அறை. அங்கே பகஸ் என்ற பொறியியல் மாணவனிடம் மனதைக் கொடுத்தாள். இப்போது பகஸ் மேற்படிப்புக்கு சூரிச்சுக்கே வந்துவிட்டான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். ஞாயிறு மதியம் அவன் முதன்முறையாக அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.

"எடி கயல், நீ வந்தே ஆகோணும்," என்றாள். "அவனுக்கு ஜெர்மன் அரைகுறை, அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. நீதான் நடுவில இருந்து சொல்லோணும்."

"நீயே சொல்லலாமே?"

"நான் சொன்னா மகள் தனக்கு ஏத்த மாதிரிச் சொல்றாள் எண்டு அப்பா நினைப்பார். நீ வெளியாள். அதோட ஜாவாச் சாப்பாட்டில டாக்டர்."

டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை என்று நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை வாழையிலை வாங்க லாங்ஸ்ட்ராஸ கடைத்தெருவுக்குப் போனோம். ட்ராமில் இருந்து இறங்கினால் ஒரு பக்கம் காப்பிக்கடை, ஒரு பக்கம் முருங்கைக்காய். தமிழ்க்கடைக்குள் நுழைந்ததும் கருவேப்பிலை, கருவாடு, ஊதுபத்தி மூன்றும் கலந்த வாசனை. கடைக்கார அண்ணை இலைகளை எண்ணிச் சுருட்டினார்.

"நாளைக்கு என்ன விசேஷம், தங்கச்சி?"

"ஒருத்தர் சாப்பிட வாறார், அண்ணை."

"ஒருத்தருக்கு எட்டு இலையோ? சாப்பாட்டுராமன் போல."

திரும்பும் அவசரத்தில் எதிர்த்திசை ட்ராமில் ஏறிவிட்டோம். நாலு நிறுத்தம் போனபிறகுதான் அபிக்கே தெரிந்தது. பிறந்த ஊர்க்காரி என்று பெயர். சுருட்டிய இலை எங்கள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான சுவிஸ்காரர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ கேட்டார். இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்கிறார் என்றாள் அபி. இல்லை, இதுதான் தட்டு என்று பதில் சொன்னாள். அவர் யோசித்தார். "அப்படியானால் பாத்திரம் கழுவ வேண்டாம்," என்று தீர்ப்பு மாதிரிச் சொல்லி, இறங்கும்போது இலைக்கு ஒரு தலையசைப்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை நான் மட்டும் தனியாக ஊஸ்டருக்கு ரயில் ஏறினேன். பெட்டியில் பெரிய '1' எழுதியிருந்தது. ஒன்றாம் பெட்டி என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆளே இல்லாத மெத்தை இருக்கை, இந்த நாட்டில்தான் எவ்வளவு வசதி என்று ரசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே செய்தித்தாள் படித்த பெண்மணி என் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்து, "கண்ணே, இது முதல் வகுப்பு, பரிசோதகர் வருவதற்குள் ஓடிவிடு," என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். ஓடினேன்.

அபியின் அப்பா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். அம்மா சலவையகத்தில். நான் போனபோது அப்பா வீட்டுச் சமையலறையில் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க நோயாளிகளுக்கு உப்பில்லாமல் சமைக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை எவரையும் அடுப்புப் பக்கம் விடுவதில்லையாம். வடைக்கு உளுந்து, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், தேங்காய்ப்பாலில் சொதி, பாயாசம். எங்கள் திருநெல்வேலியில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. இங்கே வாரம் நாலு நாள் வைப்பார்களாம். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த வீட்டைப் பிடித்துவிட்டது.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன்," என்றார் அப்பா, கரண்டியை நிறுத்தாமல். "பெடியன் நல்லவன் எண்டு அபி சொல்றா. நானும் ஓம் எண்டே வைப்பம். ஜாவாவோ, கத்தோலிக்கமோ, அது பரவாயில்லை, எங்கட சொந்தத்திலயும் இருக்கினம். ஆனா ஒரு வீட்டில பொம்பிளை கேட்டுத் தனிய வாறதோ? தாய் தேப்பன், ஒரு பெரியாக்கள் இல்லையோ? நாளைக்கு ஒண்டெண்டா நான் ஆரோட கதைக்கிறது?"

"தகப்பன் இல்லையாம் அப்பா," என்றாள் அபி வாசலில் நின்று. "தாய் மட்டும்தான்."

"அப்ப தாய் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." கத்தரிக்காயைத் திருப்பினார். "சாப்பிட்டுப் போகட்டும். பிறகு பாப்பம்."

அபி என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்து காதுக்குள் சொன்னாள்: "அப்பா 'பிறகு பாப்பம்' எண்டா 'இல்லை' எண்டு அர்த்தம். எனக்கு சைக்கிள் வாங்கித் தாறதிலயிருந்து அப்பிடித்தான்."

பன்னிரண்டரைக்கு பகஸ் வந்தான். பழுப்பு பாத்திக் சட்டை, ஈரம் காயாத தலைமுடி. வாசலில் செருப்பைக் கழற்றி மூலையில் ஒழுங்காக வைத்தான். அப்பாவைக் கடக்கும்போது முதுகை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி நடந்தான். பெரியவர்கள் முன்னால் ஜாவாக்காரர்கள் நடக்கிற விதம் அது. அப்பாவின் புருவம் ஒரு நூல் இறங்கியது. நல்ல சகுனம்.

அப்பா எல்லாவற்றையும் முறையாகச் செய்ய நினைத்திருந்தார். கூடத்தில் சோபாவை ஒதுக்கிப் பாய் விரித்து, இலை போட்டு, சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, கண்ணை மூடி ஒரு தேவாரம் பாடினார். நல்ல குரல். பகஸும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அம்மா பரிமாறினார்.

பகஸ் விரல் நுனியால் அழகாகச் சோற்றைச் சேர்த்து எடுத்தான். பருப்போடு ஒரு கவளம். கத்தரிக்காயோடு ஒரு கவளம். சொதியோடு ஒரு கவளம். பிறகு கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, புன்னகையோடு உட்கார்ந்திருந்தான்.

"சோறு வைக்கட்டோ தம்பி?" என்றார் அம்மா. வேண்டாம் என்று தலையசைத்தான்.

நான் முந்திக்கொண்டேன். "அம்மா, ஜாவாவில் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. மூன்றாவது தடவை கேட்கணும். அவர்கள் பழக்கம் அது." சொல்லும்போது குரலில் கருத்தரங்கு வாசனை வந்திருக்கும்.

அம்மா இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டார். பகஸ் ஒவ்வொரு தடவையும் இன்னும் பணிவாக, இன்னும் அழகாக, "ம்போத்தென், மாத்தூர் நுவுன்," வேண்டாம், நன்றி என்றான். அம்மா என்னைப் பார்த்தார். நாலாவது தடவைக்கு என்னிடம் அட்டை இல்லை.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பிடிக்கேல்லையோ எண்டு கேளுங்கோ, பிள்ளை."

கேட்டேன். மிகவும் ருசி என்றான் பகஸ், கண்ணில் பொய்யில்லாமல். சொன்னேன்.

"ருசியெண்டா ஏன் மூண்டு வாயோட விட்டவர்? காலமை ஆறு மணியிலயிருந்து நிண்டு சமைச்சது." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அடிபட்ட குரலில் சொன்னார். அபி தன் இலையில் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பகஸ் இலையின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் மடித்தான். வடையை நடுவே நகர்த்தினான். மறுபடி மடித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை எடுத்து, சோறும் கறியும் வடையுமாக அழகான சதுரப் பொட்டலமாகக் கட்டி, பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அம்மா வாயில் கை வைத்தார்.

"எச்சில் இலையை ஏன் கட்டிறார்?" என்றார் அப்பா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "எங்கட வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோய் எறியவோ?"

நான் பகஸிடம் கேட்டேன், என்ன செய்கிறாய் என்று. அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். "பெர்க்கத்," என்றான், இதுகூடத் தெரியாதா என்ற தொனியில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய், இலை, விளக்கு, பெரியவர் பாடிய பிரார்த்தனை. அவன் இதைக் கெண்டுரி என்று நினைத்திருக்கிறான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கந்தூரி என்பார்களே, அதே சொல். ஜாவாவில் எந்த மதத்துக்காரரும் செய்வார்கள். அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்துப் பிரார்த்தனை செய்து சோறு பரிமாறுவார்கள். வந்தவர்கள் இரண்டு மூன்று வாய்தான் சாப்பிடுவார்கள். மீதியை இலையில் கட்டி வீட்டில் இருப்பவர்களுக்கு எடுத்துப்போவார்கள். பிரார்த்தனை கேட்ட சோற்றை வீட்டாருக்குக் கொடுக்காமல் தானே தின்றுதீர்ப்பவனைத்தான் அவர்கள் கேவலமாகப் பார்ப்பார்கள். அந்தப் பொட்டலத்துக்குத்தான் பெர்க்கத் என்று பெயர்; நம்மூர் முஸ்லிம்கள் இறையருளுக்குச் சொல்லும் 'பரக்கத்' அது.

ஒன்றரை வருடம் இருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? கெண்டுரியில் முன்கூடத்தில் உட்காருபவர்கள் ஆண்கள். நான் எப்போதும் பின்கட்டில் பெண்களோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பொட்டலம் வீட்டுக்கு வருவதை மட்டும் பார்த்திருக்கிறேன். முன்னால் எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மூச்சுவிடாமல் அப்பாவுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் தளர்ந்தது. ஆனால் முழுசாக இல்லை.

"சரி. வீட்டில இருக்கிற ஆளுக்குக் கொண்டுபோறது நல்ல பழக்கம்தான். ஆனா இவர் அறையில தனியத்தானே இருக்கிறார். ஆருக்குக் கட்டினவர்?"

நான் அதை பகஸிடம் கேட்டேன். அவன் பொட்டலத்தைப் பார்த்தான். அபியைப் பார்த்தான். காது சிவந்தது.

"இபு," என்றான். அம்மாவுக்கு.

"உன் அம்மா யோக்யகர்த்தாவில் இருக்கிறாரே."

இல்லை என்றான். இரண்டு வாரமாக சூரிச்சில் அவன் அறையில்தான் இருக்கிறாராம். இன்றைக்கும் கூடவே ரயிலில் வந்தாராம். இப்போது ஊஸ்டர் நிலையத்தில் இருக்கிறார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "பான்ஹோவ் ஸ்டேசனிலயோ? தாயோ? பெஞ்சிலயோ?"

"ஏன் அழைச்சு வரவில்லை என்று கேளடி!" அபி என் தமிழிலேயே என்னிடம் கத்தினாள். பதற்றத்தில் அவளுக்கு அவள் தமிழே மறந்துவிட்டது.

ஜாவாவில் 'பெகெவூ' என்று ஓர் உணர்ச்சி உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்ற கூச்சம். அழைப்பு பகஸுக்கு மட்டும்தான் வந்தது. என் அம்மாவும் இங்கே இருக்கிறார் என்று அவன் வாயைத் திறந்தால், அவரையும் கூப்பிடுங்கள் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அபியிடம்கூடச் சொல்லவில்லை. பெண் வளர்ந்த ஊரையாவது பார்க்கிறேன் என்று தாய் நிலையம்வரை வந்திருக்கிறார். பகஸ் சொன்ன இதையெல்லாம் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"விசர் வேலை," என்றார் அப்பா, சட்டையைத் தேடியபடி. பிறகு பொத்தான் போடும்போது தனக்குள் சொல்வது மாதிரி, "கேளாமல் வாசலுக்கு வரமாட்டா. மரியாதையான மனுசி," என்றார்.

"இஞ்சாருங்கோ, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்று பின்னாலேயே அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். அவரும் கை கழுவவில்லை.

ஐந்து பேரும் ஊஸ்டர் தெருவில் ஏறக்குறைய ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், சுவிஸ் ஊர் ஒன்று எவ்வளவு அமைதியாக இருக்குமோ அவ்வளவு அமைதி. எங்கள் செருப்புச் சத்தத்துக்கு ஒரு மாடி ஜன்னல் திறந்து மூடியது.

முதல் நடைமேடை பெஞ்சில் ஒரு சின்ன உருவப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். நீளப் பாவாடை, மேலே மகனுடைய பெரிய குளிர்ச்சட்டை, மடியில் கைப்பை. ஐம்பது வயதிருக்கும். எங்கள் படையைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றார்.

அபியின் அம்மா நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழைப்பை ஜாவானியத்தில் எடுத்துச் சொன்னேன், என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த மரியாதைச் சொற்களாகப் பொறுக்கி. அவர் சிரித்து, தான் சாப்பிட்டாகிவிட்டது என்றார்.

"என்னவாம்?" என்றார் அபியின் அம்மா.

"சாப்பிட்டாராம்."

"பொய்," என்றார், கையை விடாமல். "இவ்வளவு நேரமாப் பெஞ்சில இருந்து என்னத்தைச் சாப்பிட்டவ? வாங்கோ." அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இழுத்துக்கொண்டு நடந்தார். அந்த அம்மா இன்னும் இரண்டு தடவை மறுத்தபடியே, ஆனால் நல்ல வேகத்தில் கூடவே நடந்தார்.

வீட்டில் புது இலை போட்டார்கள். லெஸ்தாரி அம்மா, அதுதான் அவர் பெயர், பகஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலத்தை வைத்து ஒரு சின்ன இழுபறி நடந்தது. எச்சில் சோறு வேண்டாம் என்று அபியின் அம்மா அதை வாங்கப் பார்த்தார். பிரார்த்தனைச் சோற்றை எறியக் கூடாது என்று லெஸ்தாரி அம்மா கொடுக்க மறுத்தார். கடைசியில் அது அவர் கைப்பைக்குள் போயிற்று, மேலே நாலு சூடான வடையோடு. இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு இருந்தார்கள்.

இந்தத் தடவை பகஸ் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே. எடுத்துக்கொடுக்க வேண்டிய ஆளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இனி என்ன தடை? மூன்று தடவை சோறு வாங்கினான். அப்பா கண்ணாலேயே கணக்கு வைத்துக்கொண்டு கண்ணாலேயே சிரித்தார்.

லெஸ்தாரி அம்மா சொதியைக் குழைத்து வாயில் வைத்தவர், மெல்லுவதை நிறுத்திவிட்டு மெதுவாக, "ந்யாம்லெங்," என்றார்.

"என்ன சொன்னவா?" என்றார் அப்பா உடனே.

ருசி என்று சொல்லிவிடலாம், ஆனால் அதைவிடக் கூடுதல், வாயும் மனசும் சேர்ந்து ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது மாதிரி, இதற்குமேல் எதுவும் வேண்டாம் என்பது மாதிரி என்று நான் சொற்களைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"காணும் பிள்ளை, விளங்குது," என்றார் அப்பா. லெஸ்தாரி அம்மாவின் இலையைப் பார்த்தார். சோறு உலர்ந்து கிடந்தது. சாதாரணமாக, உப்பு எடு என்பது மாதிரி சொன்னார்:

"அபி, சம்பந்தியம்மாவுக்கு இன்னும் சொதி விடு."

அபி அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் அப்பளத்தைச் சரிசெய்யத் தொடங்கினார், சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. பகஸுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

எல்லோரும் ஏன் அசையாமல் இருக்கிறோம் என்று பார்த்த லெஸ்தாரி அம்மா என் பக்கம் திரும்பினார். "இவர் என்னை என்னவென்று கூப்பிட்டார்?"

ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் கிடையாது. ஜெர்மனிலும் இல்லை என்று அபி பிறகு சொன்னாள். ஜாவானியத்தில் இருக்கிறது. சாப்பாட்டுச் சொல் இல்லை என்பதால் நான் அதை எந்த அட்டையிலும் எழுதிவைத்ததில்லை.

"பெசான்," என்றேன்.

அவர் அபியைப் பார்த்தார். அபியின் அப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, சோற்றின் நடுவில் விரலால் ஒரு குழி செய்துவிட்டு, சொதிக்காகக் காத்திருந்தார்.